லிசனிங்கும் சாட்டின் தையலும் ஒன்றாகச் சரிவராது

வெளிநாட்டு ஒரு வருசப் படிப்புக்கு ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கவேணும், இங்காலை தையல் மாதிரிகள் சேர்க்கிற எம்ப்ரொய்டரி மாதிரிப் புத்தகமும் முடிக்கவேணும். ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதுகிற 30 நிமிட லிசனிங்கோடு, நூலை நெருக்கி அடுக்கி உருவை நிரப்புகிற சாட்டின் தையல் போட்டால் ஓரம் பல்லுப்பல்லாகும், விடையும் தப்பும். லிசனிங்கைத் தனியாக முடியுங்கோ. பிழை பார்க்க அதே ஒலிப்பதிவைத் திரும்பப் போடும்போது சங்கிலித்தையல் போதும், கை பழகினால் அதுக்குக் கனக்க யோசிக்கத் தேவையில்லை.

ஞாயிறிலேயே காபன் தாளால் துணியில் உரு பதித்து, ஆறிழை நூலை 45 செ.மீ. துண்டாக வெட்டி, பத்து ஊசியில் கோத்து வையுங்கோ. நீளம் கூடினால் நூல் உராய்ந்து பஞ்சாகும். கோக்க முதல் இழையை ஒவ்வொன்றாக உருவிப் பிறகு சேர்க்கவேணும். இரண்டை ஒன்றாக இழுத்தால் சிக்குத்தான்.

துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்தை இரவில் கழற்றாவிட்டால் துணியில் வட்டத் தழும்பு. யாழ்ப்பாணத்து மாரியில் துணியில் குத்திவிட்ட ஊசி துருப்பிடிக்கும். அந்தக் கறை லேசில் போகாது. விமானப் பயணத்தில் கத்தரிக்கோல் கைப்பைக்குள் வேண்டாம், பெரிய பெட்டிக்குள்.