பதின்ம வயதினருக்கான இணையதளங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதின்ம வயதினருக்கென இணையதளமும் விளம்பரமும் உருவாக்க வரும் புதியவர்களின் பணிகளை மதிப்பிடும்போதெல்லாம், என் தலைமுறையினர் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த பிழைகளே திரும்பி வருவதைக் காண்கிறேன். பக்கம் கைப்பேசித் திரையில் பொருந்த வேண்டும், விரைவாகத் திறக்க வேண்டும் என்பவற்றைத் தொடக்கநிலைப் பாடங்களே சொல்லிவிடுவதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பதின்ம வயதினருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவது

மற்ற எல்லாத் தவறுகளையும் சேர்த்தாலும் இந்த ஒன்றின் விலைக்கு ஈடாகாது. இணையதளப் பயன்பாட்டை ஆராயும் நீல்சன் நார்மன் குரூப் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இணையதளங்களில் தரப்பட்ட வேலைகளைப் பதின்ம வயதினர் 55 விழுக்காடு அளவுக்கே வெற்றிகரமாக முடித்தனர். பெரியவர்களின் வெற்றி 66 விழுக்காடு. வாசிப்புத் திறன் முதிராமை, தேடும் முறையில் பயிற்சியின்மை, மிகக் குறைந்த பொறுமை ஆகிய மூன்றும் காரணங்களாகக் கூறப்பட்டன. நாள்தோறும் மணிக்கணக்கில் ஒரு செயலியைப் பயன்படுத்துபவருக்கு அந்தச் செயலிதான் பழகியிருக்கிறது. தன் வீட்டில் இருட்டிலும் நடமாடுபவர் அயல்வீட்டில் வாசற்படி தடுக்கி விழுவதைப் போல, முதன்முறை காணும் தளத்தில் அவரும் தடுமாறுகிறார்.

உயர்கல்விப் படிப்புகளைத் தேடித் தரும் தளம் ஒன்றை மதிப்பிட ஒருமுறை என்னை அழைத்திருந்தார்கள். மெனுவில் சொற்களே இல்லை, சின்னங்கள் மட்டுமே இருந்தன; படிப்புகளின் பட்டியலைக் காணத் திரையைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும் என்பதற்கும் எந்தக் குறிப்பும் இல்லை. அலுவலகத்திலிருந்த இளம் ஊழியர்களிடம் காட்டி, நன்றாக இருக்கிறது என்ற பாராட்டையும் பெற்றிருந்தார்கள். மாணவர்களை அமர்த்திப் பார்த்தபோது பெரும்பாலோர் முதல் திரையைத் தாண்டவில்லை. மேலும் கீழும் சற்று உருட்டிவிட்டு, கூகுளுக்குத் திரும்பி அதே கேள்வியை அங்கே தட்டச்சு செய்தார்கள். ஒருவரும் குறை கூறவில்லை. தேடிய படிப்பைக் கண்டுபிடிக்காமலேயே ஒரு மாணவி, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பயனர்கள் சில நொடிகளில் வெளியேறுவதைக் காட்டிய புள்ளிவிவரத்தை நிர்வாகம் சலிப்பின் அறிகுறியாக எடுத்துக்கொண்டது. உண்மையில் அது குழப்பத்தின் அறிகுறி. இளையோருக்குக் கவர்ச்சி போதவில்லை என்று முடிவுகட்டி, அசைவூட்டங்களையும் பின்னணிக் காணொளியையும் பரிசுப் புள்ளிகளையும் சேர்த்துத் தளத்தை மறுபடியும் கட்டினார்கள். பக்கம் கனத்தது, மெனு மட்டும் அப்படியே இருந்தது, வெளியேறுவோர் தொகை குறையவில்லை. சின்னங்களுக்குக் கீழே ஒவ்வொரு சொல் எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும் குறைக்கு ஒரு முழுத் தளத்தின் செலவு போயிற்று.

எனவே சோதனையின்போது பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள். ஒரு வேலையைக் கொடுத்து, குறுக்கிடாமல் அவர்கள் விரல் போகும் இடத்தைக் கவனியுங்கள்.

அவர்களின் கொச்சையில் எழுதுவது

வேண்டாம்.

13-ஐயும் 17-ஐயும் ஒன்றாக்குவது

13 வயதினருக்குப் பொருந்தும் கேலிச்சித்திரம் 17 வயதினரை விரட்டிவிடும். தம்மைச் சிறுவர்களாக நடத்துவதை அவர்கள் எளிதில் பொறுப்பதில்லை.

ஒலியோடு தானாக ஓடும் காணொளி

வகுப்பறையிலோ பிறர் உறங்கும் அறையிலோ கைப்பேசி திடீரென அலறுவதை யாரும் விரும்புவதில்லை. ஒலியை நிறுத்தி வையுங்கள், வசனவரிகளைச் சேருங்கள்.

எதையும் காட்டுமுன் பதிவு செய்யச் சொல்வது

மின்னஞ்சல் முகவரி இருந்தாலும் அதைத் திறந்து பார்க்கும் பழக்கம் பல இளையோருக்கு இல்லை. தொலைபேசி எண்ணைக் கேட்டால், ஓடிபி பெற்றோரின் கைப்பேசிக்குப் போய்விடும் வாய்ப்பும் உண்டு. பதிவின்றிப் பார்க்கக்கூடியதை அதிகமாக்குங்கள். தமக்குப் பிடித்ததை அவர்கள் பொதுவெளியைவிடத் தனிச்செய்திகளில் நண்பர்களுக்கு அனுப்புவதே மிகுதி என்பதால், வரிசையாகப் பகிர்வுப் பொத்தான்களை அடுக்குவதற்கு முன், இணைப்பை ஒட்டும்போது தோன்றும் படமும் தலைப்பும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வயதைப் பற்றிக் கடைசியில் யோசிப்பது

இதைச் சட்டத்துறையின் வேலை என்று வடிவமைப்பாளர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். ஃபோர்ட்நைட் விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ், அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 2022 டிசம்பரில் செய்துகொண்ட இரண்டு உடன்பாடுகளில் மொத்தம் 52 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. ஒரே பொத்தானை அழுத்தியதும் பணம் கழியும்படி அமைத்ததும், சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் குரல் உரையாடலை இயல்புநிலையிலேயே திறந்து வைத்ததும் அங்கே குற்றச்சாட்டுகளாயின. இவையெல்லாம் வடிவமைப்பு முடிவுகளே. வயது எல்லையும் நாட்டுக்கு நாடு மாறுகிறது: குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கான அமெரிக்காவின் காப்பா (COPPA) சட்டம் 13 வயதுக்குட்பட்டோரின் தரவைப் பற்றியது, பிரிட்டனின் வயதுக்கேற்ற வடிவமைப்பு நெறிமுறையும், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடை செய்யும் இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தைகளாகவே கருதுகின்றன. எந்த வயதினரிடம் எந்தத் தரவைக் கேட்கப் போகிறோம் என்பதை முதல் வரைவிலேயே முடிவு செய்யுங்கள். தளம் முடிந்த பிறகு மாற்றப் புகுந்தால் பதிவுப் படிவத்தோடு விளம்பரத் திட்டத்தையும் புதிதாகத் தொடங்க நேரிடும்.