பீரோல கெடக்குற பழைய கவரிங் நகை: வச்சுக்கலாமா, குடுத்துடலாமா?

போன மாசம் அம்மா பீரோவ ஒழிச்சப்போ ரெண்டு பிஸ்கட் டப்பா நிறைய கவரிங் நகை வந்துச்சு. செயின், வளையல், ஜிமிக்கி, அக்கா அரங்கேற்றத்துக்கு வாங்குன டான்ஸ் செட்னு எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக் கெடந்துச்சு. அப்படியே மூட்டை கட்டி யாருக்காவது குடுத்துடலாம்னுதான் நெனச்சோம், நல்லவேளை குடுக்கல.

ஏன்னா முதல்ல பாக்க வேண்டியதே அது நிஜமா கவரிங்தானான்னு. முத்திரை இல்லன்னா கவரிங்னு முடிவு பண்ணிடாதீங்க, இந்தியால தங்கத்துக்கு ஹால்மார்க் வந்ததே 2000லதான், அதுக்கு முந்தின பாட்டி காலத்துத் தோடுல பெரும்பாலும் ஒரு குறியும் இருக்காது. காந்தம் வச்சுப் பாக்குறதும் பாதி உதவிதான், ஒட்டினா உள்ள இரும்பு மாதிரி வேற உலோகம் இருக்குன்னு தெரியும், ஆனா ஒட்டலன்னா தங்கம்னு அர்த்தமில்ல, பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது. சந்தேகமா இருக்கறத மட்டும் தனியா எடுத்துட்டுப் போயி டச், அதாவது தங்கம் எவ்வளவு சுத்தம்னு காட்டுற சோதனை, பாத்துடுங்க. டான்ஸ் நகைய கண்டிப்பா பாருங்க, நாகர்கோவில் வடசேரில செய்யுற அசல் கோயில் நகையெல்லாம் வெள்ளில செஞ்சு மேல தங்க ரேக்கு, அதாவது ரொம்ப மெல்லிசான தகடு, ஒட்டி கெம்புக்கல் பதிக்கிறது, பாக்க இப்ப வர்ற பித்தளை செட் மாதிரியேதான் இருக்கும். அக்கா தலையில வைக்கிற ராக்கொடி வெள்ளின்னு எங்களுக்கே அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

அடுத்தது தோல் விஷயம். போட்டா கழுத்துல பச்சையா கறை படியுதுன்னா அது செம்போட வேலை, கழுவினா போயிடும், பயப்பட வேணாம். ஆனா அரிச்சு செவந்து கொப்புளம் வருதுன்னா பெரும்பாலும் நிக்கல் அலர்ஜி, அது ஒருதடவ வந்தா சாதாரணமா போகாது, அந்த நகைய எவ்வளவு ஆசையா இருந்தாலும் விட்டுடுங்க. முலாம் போயி பல்லிளிக்கிற மலிவு நகைய கொழந்தைங்களுக்கு விளையாடக் குடுக்கவே குடுக்காதீங்க, சிலதுல ஈயம், காட்மியம்னு விஷ உலோகம் இருக்கும், கொழந்தைங்க நேரா வாயிலதான் வைக்கும்.

வச்சுக்கறதுக்கு நான் பாக்குறது ஒண்ணுதான், அடுத்த ஒரு வருஷத்துல எந்தப் புடவைக்கு இத போடுவேன்னு சொல்ல முடியுதா. முடியலன்னா வேணாம். ஞாபகத்துக்காக வைக்கிறது தப்பில்ல, ஆனா பெட்டியோட வேணாம், ஒண்ணு போதும். நான் அம்மா தினமும் போட்டிருந்த சிதம்பரம் கவரிங் செயின வச்சுக்கிட்டேன், கெட்டியான பித்தளை, திரும்ப முலாம் போட்டா இன்னும் வரும். பசையில கல் ஒட்டுன நகைக்கு அந்தச் செலவு பண்றதுக்கு முன்னாடி யோசிங்க, கல்லு உதிரும். புளி, எலுமிச்சை போட்டுத் தேய்க்கவும் கூடாது, இருக்கற முலாமும் போயிடும், மெல்லிசு துணிய லேசா நனைச்சுத் துடைச்சு ஒடனே ஈரத்த ஒத்தி எடுத்தா போதும்.

இப்ப குடுக்குறது. இதுல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு, வாங்குறவங்க நாளைக்கே எடுத்துப் போட்டுக்கற மாதிரி இருந்தாத்தான் குடுக்கணும், திருகாணி இல்லாத தோடு, கொக்கி ஒடஞ்ச மாலை இதெல்லாம் குடுக்குறது நம்ம குப்பைய அவங்க வீட்டுக்கு மாத்துறதுதான். டான்ஸ் செட்டுக்கு ரொம்ப நல்ல எடம் பரதநாட்டியம் சொல்லிக் குடுக்குற டீச்சருங்க, ஒட்டியாணம், நெத்திச்சுட்டி, சூரியன் சந்திரன், ஜடைன்னு புதுசா வாங்க வசதி இல்லாத பிள்ளைங்க ஒவ்வொரு கிளாஸ்லயும் இருக்காங்க. செட்டா சேத்து, கட்டுற கயிறு அறுந்திருந்தா புதுசு மாத்தி ஒரு கவர்ல போட்டுக் குடுங்க. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கும் கேட்டு வாங்கிப்பாங்க. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்குக் குடுக்கறதா இருந்தா கைல திணிக்காம, எல்லாத்தையும் பரப்பி வச்சு பிடிச்சத எடுத்துக்கச் சொல்லுங்க. தோடு, மூக்குத்தின்னா கம்பிய ஸ்பிரிட் வச்சுத் துடைச்சுட்டுத்தான்.

ஜோடி போன ஜிமிக்கிய தூக்கிப் போடாதீங்க, கொலு பொம்மைக்கு அலங்காரம் பண்ண அழகா இருக்கும். வரலட்சுமி நோன்பு அம்மனுக்கு சில வீட்ல நாம போட்ட நகைய போட மாட்டாங்க, அதனால உங்க வீட்டுப் பெரியவங்கள கேட்டுக்கோங்க. மிச்சம் ஒடஞ்ச பித்தளைய பழைய சாமான் கடையில எடைக்கு எடுப்பாங்களான்னு கேட்டுப் பாருங்க, எங்க டப்பால கடைசியா அப்படி மிஞ்சினது ரெண்டு கைப்பிடிதான்.