பைதன் செயலியோடு மொழிபெயர்ப்புக் கோப்புகளையும் பொதியிடுதல்

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்காக நான் எழுதிய பைதன் செயலி, வெள்ளவத்தையில் என் மடிக்கணினியில் சிங்களத்திலும் தமிழிலும் பிசகின்றி இயங்கியது. கடைக் கணினியில் நிறுவியபோதோ, எந்த வழுச்செய்தியும் இல்லாமல், பொத்தான்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் வந்து நின்றன. மொழிபெயர்ப்புக் கோப்புகள் பொதிக்குள் (செயலியை நிறுவுவதற்காகக் கட்டும் தொகுப்புக்குள்) ஏறவேயில்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது.

மொழிபெயர்ப்பாளர் திருத்துவது பீஓ என்னும் உரைக் கோப்பு. மொழிபெயர்ப்புகளைச் செயலிக்கு எடுத்துத் தரும் பைதனின் கெட்டெக்ஸ்ட் நூலகம் வாசிப்பதோ அதிலிருந்து தொகுக்கப்படும் எம்ஓ கோப்பு. பேபல் கருவியாலோ எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளையாலோ அதைத் தொகுக்கலாம். ‘ஃபஸி’ (மீள்பார்வை தேவை) எனக் குறிக்கப்பட்ட வரிகள் தொகுப்பில் இயல்பாகவே விடுபடுமாதலால், அவற்றை முன்கூட்டியே பார்த்து முடித்துவிடுங்கள்.

கோப்புகளைச் செயலியின் பொதிக் கோப்புறைக்கு உள்ளேயே வைக்க வேண்டும். அதனுள் ‘லொக்கேல்’, அதனுள் தமிழுக்கு ‘டிஏ’, சிங்களத்துக்கு ‘எஸ்ஐ’, ஒவ்வொன்றினுள்ளும் ‘எல்சி மெசேஜஸ்’ (இரு சொற்களுக்கிடையே அடிக்கோடு உண்டு) என்ற அடுக்கு மாறக்கூடாது. பொதி கட்டும் கருவியான செட்டப்டூல்ஸைப் பயன்படுத்துவோர், பொதியின் அமைப்புகளை எழுதும் பைப்ரொஜெக்ட் டொம்ல் கோப்பின் ‘பேக்கேஜ் டேட்டா’ பகுதியில் இந்த எம்ஓ கோப்புகளுக்கான பாதையை எழுதுவது நல்லது. அவை பைதன் நிரல்கள் அல்லாததால், குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால் விடுபடக்கூடும். இன்னொரு பொறியும் உண்டு: கிட்ஹப் பைதனுக்கெனத் தரும் கிட்இக்னோர் (களஞ்சியத்தில் சேர்க்க வேண்டாதவற்றைப் பட்டியலிடும் கோப்பு) வார்ப்புரு எம்ஓ கோப்புகளைப் புறக்கணிப்பதால், களஞ்சியத்திலிருந்து புதிதாகப் பிரதியெடுத்த இடத்தில் அவை இருக்கமாட்டா. ஆகவே ஒவ்வொரு தடவையும் தொகுத்த பின்னரே பொதியைக் கட்டுங்கள்.

நிரலில், கெட்டெக்ஸ்டின் ‘ட்ரான்ஸ்லேஷன்’ சார்புக்கு லொக்கேல் கோப்புறையின் பாதையை நீங்களே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது பைதன் நிறுவப்பட்ட இடத்தின் பொதுக் கோப்புறையில் தேடும். அந்தப் பாதையைச் செயலி இயக்கப்படும் கோப்புறையிலிருந்து கணக்கிடாமல், நிரற்கோப்பின் இருப்பிடத்திலிருந்து கணக்கிடுங்கள். விண்டோஸில் மொழியைச் சுட்டும் சூழல் மாறிகள் பெரும்பாலும் அமைக்கப்பட்டிருப்பதில்லை; ஆதலால் பயனர் தெரிவுசெய்த மொழியையே சார்புக்கு அனுப்புவது பாதுகாப்பானது. அதே சார்பின் ‘ஃபோல்பேக்’ மதிப்பு உண்மை என்றிருந்தால், கோப்பு இல்லாதபோதும் மூலமொழியே சத்தமின்றிக் காட்டப்படும். என் மாலைப்பொழுதைத் தின்றது அதுதான். சோதனையின்போது அதைப் பொய் என மாற்றினால், மொழிபெயர்ப்புக் கோப்பைக் காணவில்லை என்று பைதன் உடனே சொல்லிவிடும்.

கட்டி முடித்த வீல் கோப்பு (நிறுவுவதற்குத் தயாரான பைதன் பொதி) ஒரு ஸிப் கோப்பே என்பதால், அதைத் திறந்து இரு மொழிகளின் எம்ஓ கோப்புகளும் உள்ளனவா என்று கண்ணால் பாருங்கள். பின்னர் புதிய மெய்நிகர்ச் சூழலொன்றில் (மற்றப் பொதிகளிலிருந்து பிரிந்த தனிப் பைதன் இடத்தில்) அதை நிறுவி, மூலநிரல் இல்லாத வேறொரு கோப்புறைக்குச் சென்று இயக்குங்கள். மூலநிரல் கோப்புறையிலேயே நின்று இயக்கினால், நிறுவிய பொதிக்குப் பதிலாக அங்குள்ள கோப்புகளே வாசிக்கப்பட்டு, விடுபட்டது மறுபடியும் மறைந்துவிடக்கூடும்.