கிட்ட இருந்து பாக்காதை: வீட்டு எச்சரிக்கைகளை உரசிப் பார்க்கும் முறை

கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில் அம்மம்மா, மகள், பேரப்பிள்ளை என்று மூன்று தலைமுறை ஒரே கூடத்தில் இருந்தால், "ரீவியைக் கிட்ட இருந்து பாக்காதை, கண் பழுதாப்போகும்", "ஈரக்கையோடை சுவிச்சைத் தொடாதை", "மின்னுது, பிளக்கைக் கழட்டு" என்ற குரல்கள் நாள்தோறும் கேட்கும். இவற்றை அப்படியே நம்புகிறவர்களும் உண்டு. ஒன்று பொய் என்று எங்கோ படித்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்துத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. பிள்ளை வளர்க்கும் வீட்டுக்கு இவை இரண்டுமே உதவாது.

ஓர் எச்சரிக்கையைச் சோதிக்க விரும்புகிறவர் முதலில் அதன் கட்டளையையும் காரணத்தையும் பிரித்துவிட வேண்டும். "கிட்ட இருந்து பாக்காதை" என்பது கட்டளை. "கண் பழுதாப்போகும்" என்பது காரணம். அடுத்து, அந்தக் காரணம் எந்தக் கருவியைப் பார்த்துச் சொல்லப்பட்டது, அந்தக் கருவி இன்றும் வீட்டில் இருக்கிறதா, தீங்கு எந்த வழியாக உடலை வந்தடையும் என்று கேட்க வேண்டும். காரணம் செத்துப்போன பிறகும் கட்டளை பயன்படுவது உண்டு. கட்டளை சரியாக இருந்தும், அதற்குக் கீழ்ப்படிவதால் உண்மையான பழுது மறைந்துவிடுவதும் உண்டு. இந்த இரண்டாவது வகையே என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது.

தொலைக்காட்சியிலிருந்தே தொடங்கலாம். இலங்கையில் 1979 ஏப்ரல் 13ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில், வீடுகளுக்கு வந்தவை பின்பக்கம் புடைத்த, கண்ணாடிக் குழாய் கொண்ட கனமான பெட்டிகள். அக்குழாயினுள் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இலத்திரன்கள் பாய்ந்து திரையில் மோதும்போது மென்மையான எக்ஸ் கதிர்கள் உண்டாகும். அவற்றைத் தடுப்பதற்காகவே கண்ணாடியில் ஈயம் முதலானவை சேர்க்கப்பட்டன. 1967இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் வண்ணத் தொலைக்காட்சிகள் சில, தடுப்புப் போதாமல் அளவுக்கு மீறிய கதிர்களை வெளியிட்டது கண்டறியப்பட்டு அவை திரும்பப் பெறப்பட்டன. 1968இல் அங்கே அதற்கென்று சட்டமும் வந்தது. ஆகவே "கிட்டப் போகாதே" என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் நியாயமான ஊற்று இருந்தது. இன்று சுவரில் தொங்கும் தட்டைத் திரையில் அந்தக் குழாயும் இல்லை, அந்த வோல்ட் அழுத்தமும் இல்லை. கிட்ட இருந்து பார்ப்பதால் கண்ணுக்கு நிலையான சேதம் வருவதும் இல்லை. களைப்பு வரும், ஓய்வெடுத்தால் போய்விடும்.

அதற்காகக் கட்டளையைக் கைவிட வேண்டாம். அதைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை ஏன் திரைக்குக் கிட்டப் போகிறது? சிறுபிள்ளைகள் வெறும் பழக்கத்தாலும் போவார்கள். ஏற்கெனவே தூரப் பார்வை மங்கியதாலும் போவார்கள். அப்படியானால் கிட்டப் போவது நோயின் அறிகுறி, நோயின் காரணமன்று. பிள்ளையை மூன்று மீற்றர் தள்ளி இருத்தி, திரையின் அடியில் ஓடும் செய்தி எழுத்துகளை ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். கண்ணைச் சுருக்கினாலோ, தலையைச் சாய்த்தாலோ, ஒரு கண்ணுக்கும் மற்றதற்கும் வேறுபாடு தெரிந்தாலோ கண் வைத்தியரிடம் காட்டுங்கள். வாசிக்கப் பழகாத பிள்ளைக்குப் படங்களைக் காட்டலாம். இது வைத்தியப் பரிசோதனைக்கு ஈடாகாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கிட்டப்பார்வையைக் கூட்டுவதாக ஆய்வுகள் சுட்டுவது நீண்ட நேரம் அருகிலுள்ளதையே பார்ப்பதையும், வெளிவெளிச்சத்தில் இருக்கும் நேரம் குறைவதையும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வரை வெளியில் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை தொடங்கும் வாய்ப்புக் குறைகிறது. ரியூஷன் முடிந்து ரியூஷன் என்று ஓடும் கொழும்புப் பிள்ளைக்கு அந்த இரண்டு மணித்தியாலத்தை எங்கே தேடுவது என்பதே பெரிய கேள்வி. காலிமுகத்திடலும் விகாரமகாதேவிப் பூங்காவும் கையருகில் இருக்கின்றன, நேரம்தான் இல்லை. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் குறைவாகிவிடுவதால்தான் கண் உலர்ந்து எரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடிக்கு அப்பால் இருபது செக்கன் பார்க்கச் சொல்லும் வழக்கம் இதற்கு உதவும். கடல் தெரியும் பல்கனிக்கென்று கூடுதல் வாடகை கொடுப்பவர்கள் அந்தக் கடலைப் பார்க்க இதுவும் ஒரு சாட்டு.

மங்கிய வெளிச்சத்தில் வாசித்தால் கண் கெடும் என்பதும் இதே இனம்தான்: களைப்பு உண்மை, சேதம் பொய். ஆனால் விளக்கைப் பற்றிய பெரிய ஆபத்து கண்ணுக்கு வெளியே இருந்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டபோது, பழைய குப்பி விளக்குகளும் மெழுகுதிரிகளும் மீண்டும் மேசைக்கு வந்தன. ஒடுங்கிய போத்தலில் திரியைச் செருகிய குப்பி விளக்கு எளிதில் சரிந்து, மண்ணெண்ணெய் கொட்டித் தீப்பற்றும். எரிகாயங்களைக் கண்டு மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, குட்டையான கனத்த மாமைற் போத்தலின் வடிவத்திலிருந்து எண்ணம் பெற்று, உருளாதபடி தட்டைப் பக்கங்களும் திருகு மூடியும் கொண்ட பாதுகாப்பான விளக்கை உருவாக்கி, 1998இல் றோலெக்ஸ் விருதும் பெற்றார். நம் வீடுகளில் கண்ணைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் விளக்கின் அடிப்பாகத்தைப் பார்த்தார். தீங்கு எந்த வழியாக வரும் என்று கேட்பதன் பயன் இதுதான்.

மின்சாரத்தைப் பற்றிய எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை உண்மை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நனைந்த தோலின் மின்தடை உலர்ந்த தோலினதைவிடப் பல மடங்கு குறைவு. ஆகவே ஈரக்கை எச்சரிக்கையைச் சொல்லுக்குச் சொல் காப்பாற்றுங்கள். ஆனால் "செருப்புப் போட்டுக்கொண்டு பிரிட்ஜைத் திற" என்பதை மட்டும் நின்று யோசிக்க வேண்டும். இறப்பர்ச் செருப்பு மின்சாரம் நிலத்துக்குப் போகும் பாதையைத் தடுப்பதால் இந்தக் கட்டளை வேலை செய்கிறது. ஆனால் சரியாக நில இணைப்பு (எர்த்) செய்யப்பட்ட பிரிட்ஜின் கதவு வெறுங்காலுடன் தொட்டாலும் கையைச் சுண்டக் கூடாது. சுண்டுகிறது என்றால் கருவியிலோ வயரிங்கிலோ பழுது உண்டு; செருப்பு அதை மூடி மறைக்கிறது. நான் முன்பு வாடகைக்கு இருந்த பழைய வீட்டில் பிரிட்ஜின் முன்னால் ஒரு கால்மிதியைப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் சமாளித்தோம். கடைசியில் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தபோது அந்தப் பிளக் பொயின்ட்டுக்கு நில வயரே கொடுக்கப்படவில்லை.

எனவே சுண்டும் கருவியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, தகுதி பெற்ற இலெக்ட்றீசியனைக் கூப்பிடுங்கள். மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் றிப் சுவிச் இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள ‘T’ எழுத்துப் பொத்தானைச் சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்தினால் வீட்டு மின்சாரம் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அது அலங்காரப் பொருள். நின்றாலும், அந்தப் பொத்தான் றிப் சுவிச்சின் நலத்தை மட்டுமே சொல்கிறது. நில இணைப்பு நன்றாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

சதுர முள் பிளக் பொயின்ட்டின் மேல் துளையில் பேனையைக் குத்தி, இரண்டு முள் பிளக்கைத் திணிக்கும் நம் வழக்கத்தைப் பற்றி எந்த அம்மம்மாவும் எச்சரித்ததில்லை. உயிர்வயர்த் துளையை மூடியிருக்கும் திரையை, நீளமான நில முள் உள்ளே போகும்போது மட்டும் திறக்கும்படி அமைத்திருப்பது பிள்ளைகளின் விரலையும் கம்பியையும் தடுப்பதற்காகத்தான். பெரியவர்கள் பேனையால் அதைத் திறப்பதைப் பார்க்கும் மூன்று வயதுப் பிள்ளை, திறக்கும் வித்தையை நம்மிடமே கற்றுக்கொள்கிறது. அடாப்ரர் ஒன்றை வாங்கி வைத்தால் இந்தப் பாடம் நின்றுவிடும்.

இடிமின்னல் எச்சரிக்கையில் கட்டளையும் உண்மை, காரணமும் உண்மை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி நமக்குப் புதிதன்று. மின்னலின் அதிர்ச்சி மின்கம்பி வழியாகவும் கூரை அன்ரனாக் கம்பி வழியாகவும் வீட்டினுள் வரும். ஆகவே மின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு அன்ரனாக் கம்பியை விட்டுவைப்பது பாதி வேலை. நேரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று செக்கன் ஒரு கிலோமீற்றருக்குச் சமம். முப்பது செக்கனுக்குள் இடி கேட்டால் புயல் பத்துக் கிலோமீற்றருக்குள் இருக்கிறது. வானம் இருண்டதும் கழற்றுங்கள், தலைக்கு மேல் இடிக்கும்போது பிளக்கில் கை வைக்காதீர்கள். வயருள்ள வீட்டுத் தொலைபேசியைத் தொடாதே என்பதும் சரி. சார்ஜில் போடாத கைத்தொலைபேசிக்கு அந்தத் தடை பொருந்தாது.

துணிகளுக்கு அயன் பிடித்த கையைத் தண்ணீரில் வைத்தால் வாதம் வரும் என்பதைச் சுருக்கமாகவே முடிக்கலாம்: அதற்கு வைத்திய ஆதாரம் இல்லை. ஆயினும் சூடான அயனின் பக்கத்தில் ஈரக்கையோடு நிற்காமல் இருப்பது நல்லதுதான்.

மைக்ரோவேவ் அடுப்பின் முன்னால் நின்றால் புற்றுநோய் வரும் என்ற பயம், கதிர் என்ற ஒரே சொல் எக்ஸ் கதிருக்கும் மைக்ரோ அலைக்கும் வழங்குவதால் வந்த குழப்பம். மைக்ரோ அலைக்குச் சூடாக்கும் ஆற்றல் உண்டு, அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும் ஆற்றல் இல்லை. அதன் அலைநீளம் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர் என்பதால், கதவுக் கண்ணாடியிலுள்ள வலையின் சிறு துளைகள் வழியே அது வெளியேற முடியாது. கைத்தொலைபேசியை அடுப்பினுள் வைத்து அழைத்துப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள்; தொலைபேசிக்கு மிக நுண்ணிய சமிக்ஞையே போதுமாதலால், நல்ல அடுப்பினுள்ளும் அது மணியடிக்கலாம். அதற்குப் பதிலாகக் கதவு வளைந்திருக்கிறதா, விளிம்பில் உணவு காய்ந்து படிந்திருக்கிறதா, வலை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுப்பின் உண்மையான தீங்கு உணவில் இருக்கிறது: பாற்போத்தல் வெளியே இளஞ்சூடாக இருக்க உள்ளே ஓரிடம் கொதிக்கலாம். குழந்தையின் பாலை அதில் சூடாக்காமல், சுடுநீர்ப் பாத்திரத்தில் வைத்தே சூடாக்குங்கள்.

கைத்தொலைபேசியின் அலைகளை 2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற வகுப்பில் வைத்தது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே வகுப்பில்தான் இருக்கிறது. சான்று எவ்வளவு உறுதி என்பதை அந்த வகுப்புக் காட்டுகிறது, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது காட்டுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கோரிக்கையின் பேரில் 2024இல் வெளியான விரிவான மீளாய்வு, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காணவில்லை. ஆனாலும் "தலையணைக்குக் கீழ் போனை வைக்காதே" என்ற கட்டளையை நான் என் வீட்டில் இன்னமும் கடுமையாகவே வைத்திருக்கிறேன். சார்ஜ் ஏறும் பற்றரியின் சூடு வெளியேற வழியின்றிப் பஞ்சுக்குள் அடைபடுவதும், இரவு பதினொரு மணிக்கு ஒரு கை தலையணைக்கடியில் நுழைவதும் எனக்குப் போதுமான காரணங்கள். சிறுபிள்ளைகளுக்கான 2019ஆம் ஆண்டு வழிகாட்டலில் அதே நிறுவனம் இரண்டு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்றும் கூறியபோது, ஓடியாடுவதும் உறங்குவதும் குறைவதையே கருத்தில் கொண்டது.

இதுவரை பார்த்தவை யாரோ சொல்லி வந்தவை. யாரும் சொல்லி வராதவையும் உண்டு, ஏனென்றால் அவை பாட்டிமாரின் வீடுகளில் இருக்கவில்லை. காதுக்குள் செருகும் இயர்போன் அவற்றில் ஒன்று. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலியை வாரத்தில் 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. பிள்ளைகளுக்கு அது 75 டெசிபெல். மூன்று டெசிபெல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். போனின் அமைப்பில் ஒலியின் உச்ச எல்லையைப் பூட்டி வைக்க முடியும். கை எட்டும் தூரத்தில் நின்று பேசுவது பிள்ளைக்குக் கேட்காவிட்டால் ஒலியைக் குறையுங்கள்.

மற்றது பொத்தான் பற்றரி. சின்ன றிமோட், விளையாட்டுச் சாமான், ஒளிரும் மெழுகுதிரி, சமையலறைத் தராசு ஆகியவற்றில் இருக்கும் இந்த வட்டத்தைப் பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்னோட்டம் உண்டாகி இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே திசுவை எரித்துவிடும். இருபது மில்லிமீற்றர் அகலமுள்ள லித்தியம் பற்றரியே மிகக் கொடியது. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், உண்ணக் கொடுக்காமல், 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள் அல்லது பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு நேரே கொண்டுசெல்லுங்கள். ஒரு வயதைக் கடந்த, விழுங்கக்கூடிய நிலையிலுள்ள பிள்ளைக்கு, விழுங்கிப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் மட்டும் கொடுக்கலாம். ஆனால் தேன் தேடி நேரத்தைக் கழிக்கக் கூடாது. இன்றிரவே ஒரு திருகாணிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள சின்ன றிமோட்டுகளின் பின்மூடிகளைத் தொட்டுப் பாருங்கள்; திருகாணி இல்லாதவற்றுக்கு அகலமான ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். தீர்ந்த பற்றரிகளை மேசையில் போடாமல், ஒட்டுநாடாவில் சுற்றி எட்டாத உயரத்தில் வையுங்கள். றிமோட்டை ஓட்ட வலுவற்ற பற்றரிக்கும் எரிக்க வலுவுண்டு.