பரல் கட்டரால் ஃபினிஷிங்: மலையகப் பட்டறைத் தம்பிமாருக்கு

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலை ட்ரையர் விசிறி இறக்கைக்கு மோல்ட் செய்யும் வேலை ஐந்து அச்சு (5-axis) மெசினுக்கு வந்தால், கடைசி வெட்டான ஃபினிஷிங்கிற்கு உருண்டை நுனி கட்டரான போல்நோஸோடு மட்டும் நிற்காதீர்கள். 10 மில்லிமீற்றர் போல்நோஸின் ஆரம் 5தான். அதே விட்டத்தில், பீப்பாய் போலப் பக்கம் வளைந்த பரல் கட்டரின் பக்க வளைவு 85 ஆரம் வரை வரும், அதனால் பாதைகளுக்கு இடையில் 0.002 மில்லிமீற்றர் மேடு மட்டும் மிஞ்ச வேண்டுமென்றால் போல்நோஸ் ஒவ்வொரு பாதைக்கும் 0.28 தள்ளிப் போகும் இடத்தில் இது 1.17 தள்ளிப் போகும். பாதைகள் கால்வாசியாகிவிடும்.

முதலில் பரப்பைப் பாருங்கள். குழிவின் ஆரம் கட்டரின் பக்க ஆரத்தைவிடச் சிறிதென்றால் கட்டரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தோண்டிவிடும். அப்புறம் கட்டர் பாதை தயாரிக்கும் கேம் (CAM) மென்பொருளில் கட்டரின் வடிவத்தை உற்பத்தியாளர் தரும் அளவுப்படியே கொடுத்து, பரப்பைத் தொடும் புள்ளி வளைவின் நடுவில் விழும்படி சாய்வை வையுங்கள்.

கட்டரின் நீள அளவில்தான் அதிக கவனம் வேண்டும். கூம்பு வகைப் பரல் கட்டர் 20 பாகை சாய்வில் வெட்டும்போது, நீளம் 0.02 பிசகினால் பரப்பில் ஏறத்தாழ 0.007 பிசகும். அதனால் மெசின் சூடாகிய பிறகே அளவெடுங்கள், மலைக்குளிரில் காலையில் எடுத்த அளவை மத்தியானம் வரை நம்பவேண்டாம்.

முந்தைய வெட்டு எங்கும் சமமாக 0.2 அளவு விட்டிருந்தால் நல்லது. கட்டரைப் பிடிக்க, சுழலும்போது ஆட்டம் குறைந்த ஹோல்டரையே போடுங்கள், நீளமான தொடுகை என்பதால் அதிர்வு சீக்கிரம் தொடங்கும். சரி, மூலைகள்? அவற்றைச் சின்ன போல்நோஸுக்கு விட்டுவிடுங்கள்.