நியூயார்க் தொட்டில் குழந்தையின் தடத்தைத் தேடுவது எப்படி?

சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வருவதற்கு 123 ஆண்டுகளுக்கு முன்பே, 1869 அக்டோபரில், நியூயார்க்கின் கிழக்கு 12ஆம் தெரு வீடொன்றில் சிஸ்டர் ஐரீனும் சக அருட்சகோதரிகளும் கைவிடப்பட்ட குழந்தைகளுக்காகத் தொட்டில் வைத்தார்கள். அந்த நியூயார்க் ஃபவுண்ட்லிங் இல்லம் இன்றும் இயங்குகிறது. அங்கே வளர்ந்த ஒருவரின் வேரைத் தேடுகிறீர்கள் என்றால் பெயரை நம்பி இறங்காதீர்கள். பல குழந்தைகளுக்குச் சகோதரிகளே பெயர் வைத்தார்கள். வளர்த்த குடும்பம் அதையும் மாற்றியிருக்கும். தேதியும் எண்ணும்தான் பிடிமானம்.

முதலில் வீட்டுப் பெட்டிகளைத் துழாவுங்கள். வளர்க்க முன்வந்த வெளியூர்க் குடும்பங்களுக்கு இல்லம் பல குழந்தைகளை ரயிலில் அனுப்பியது. அப்படிப் போன குழந்தையின் உடையில் எண் இருக்கும். ஏற்கும் குடும்பத்திடமும் அதே எண் இருக்கும். அந்தத் துணித்துண்டோ சீட்டோ கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

"மேடையில் நிறுத்தி ஆள் பார்த்து எடுத்தார்கள்" என்று குடும்பத்தில் சொன்னால், இதேபோல் குழந்தைகளை ரயிலில் அனுப்பிய இன்னொரு அமைப்பான, 1853இல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டியின் ஆவணங்களை முதலில் பாருங்கள். ஃபவுண்ட்லிங் குழந்தைகளுக்கு அந்தந்த ஊர்க் கத்தோலிக்கப் பங்குத்தந்தை வழியாகக் குடும்பம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மாதக்கணக்கில் தவறான இடத்தில் தேடுகிறவர்கள் உண்டு.

அடுத்து, சேர்க்கைத் தேதியோடு இல்லத்துக்கு எழுதுங்கள். நீங்கள் வாரிசு என்பதற்குத் தலைமுறைவாரியாகப் பிறப்புச் சான்றுகளை இணையுங்கள். குழந்தையோடு தாய்மார் விட்டுச்சென்ற சீட்டுகள் உள்ளிட்ட பழைய ஆவணங்கள் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளன. அவற்றை நேரில் பார்க்க முடிந்தால் அவசியம் பாருங்கள். அச்சிட்ட ஆண்டறிக்கை எதிலும் அந்தத் தாய்மாரின் குரல் இப்படி ஒலிக்காது.

1880 மக்கள்தொகைக் கணக்கில், அதற்குள் 68ஆம் தெருவுக்கு மாறியிருந்த இல்லத்தின் நீண்ட பட்டியல் வரும். அதில் குழந்தை இல்லையென்றால் இறந்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். கைக்குழந்தைகள் பலரைப் பாலூட்டும் பெண்களின் வீடுகளில் விட்டிருந்தார்கள். ஏழைக் குடியிருப்புகளில் வேறு குடும்பப்பெயரோடு இருக்கும் சிசுவைத் தேடுங்கள். 1890 கணக்கு பெரும்பாலும் அழிந்துபோனது. அதே ஆண்டு மன்ஹாட்டனில் போலீசார் எடுத்த கணக்கெடுப்பு பெருமளவு தப்பியிருக்கிறது, அதைப் பாருங்கள்.

நீதிமன்றத்தில் தத்துத் தீர்ப்பைத் தேடி ஏமாறவேண்டாம். குழந்தைகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பத்திரத்தின் பேரில்தான் போனார்கள். அதைவிடத் தேவாலயத்தின் பங்குப் பதிவேடு கைகொடுக்கும். 1908க்குப் பிந்தைய திருமணம் என்றால், திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பதிவின் ஓரத்தில் திருமணக் குறிப்பைச் சேர்ப்பது திருச்சபை விதி. ஒரு முனை கிடைத்தால் மறுமுனைக்குப் போகலாம்.

அனுப்பிய பட்டியலே இறுதி அல்ல. 1904இல் அரிசோனாவுக்கு அனுப்பிய 40 குழந்தைகளை மெக்சிகக் கத்தோலிக்கக் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். வெள்ளையர்கள் ஆயுதங்களோடு வந்து பறித்தார்கள், 19 பேரைத் திருப்பித் தரவே இல்லை. 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இல்லத்தின் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது. ஆகவே சென்று சேர்ந்த ஊரின் கணக்கெடுப்போடும் ஒப்பிடுங்கள்.

இல்லத்தின் அருட்சகோதரிகளைத் தேடும்போது துறவறப் பெயரையும் இயற்பெயரையும் சேர்த்தே தேடுங்கள்: சிஸ்டர் ஐரீனின் இயற்பெயர் கேத்தரின் ஃபிட்ஸ்கிப்பன்.

முறைப்படி தத்து நடந்திருந்தால், 2020 ஜனவரி முதல் நியூயார்க்கில் பிறந்து தத்துப்போனவர் 18 வயதானதும் மூலப் பிறப்புச் சான்றைக் கேட்டுப் பெறலாம்; அவர் இறந்திருந்தால் நேரடி வாரிசுகள் விண்ணப்பிக்கலாம்.