தூமொஸ் என்றால் வெறும் கோபமா? பைபிள் ஸ்டடிக்குத் தயாராகிறவர்களுக்கு

பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத் வரைக்கும் கன்வென்ஷன் பந்தல்களில் இதைக் கேட்டிருப்பீர்கள்: கிரேக்கத்தில் கோபத்துக்கு இரண்டு சொல், தூமொஸ் குப்பென்று பற்றி உடனே அணையும் வைக்கோல் நெருப்பு, ஒர்கே உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும் உமி நெருப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பாதி உண்மையும்கூட. ஆனால் அடுத்த ஞாயிறு நீங்கள் பேசப் போகிறீர்கள் என்றால் அதை அப்படியே ஒப்பிக்காதீர்கள்.

முதலில் போனில் கிரேக்க மூலத்தை வரிக்கு வரி காட்டும் ஆப் ஒன்றைத் திறந்து, ஸ்ட்ராங்ஸ் எண் (பைபிளின் மூலச் சொல் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கும் எண்) 2372ஐத் தேடுங்கள், அதுதான் தூமொஸ். புதிய ஏற்பாட்டில் தூமொஸ் 18 இடத்தில் வரும், அதில் 10 வெளிப்படுத்தலில். தமிழில் தேடினால் குழப்பம்தான், ஏனென்றால் நம் பழைய மொழிபெயர்ப்பில் எபேசியர் 4:31 தூமொஸைக் 'கோபம்' என்றும் ஒர்கேயை 'மூர்க்கம்' என்றும் சொல்கிறது, கொலோசெயர் 3:8 அப்படியே தலைகீழ்.

அப்புறம், கோபப்படுவது யார், அடுத்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்போஸ்தலர் 19க்கு மட்டும் நிதானமாக நேரம் கொடுங்கள். பவுலால் பிழைப்பு போய்விடும் என்று தட்டான் தெமேத்திரியு கிளப்பிவிட, கேட்டவர்கள் தூமொஸ் தலைக்கேறி 'எபேசியருடைய தியானாளே பெரியவள்' என்று கத்துகிறார்கள். ஊரே கூடி, பிறகு இரண்டு மணி நேரம் அதே கூச்சல், வந்தவர்களில் முக்காவாசிப் பேருக்கு எதற்கு வந்தோம் என்றே தெரியாது. சர்ச் அசன விருந்துப் பந்தியில் இலை பிந்தியதற்கு மூண்ட சண்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். நாசரேத் ஜெப ஆலயத்தார் இயேசுவின் பேச்சைக் கேட்டுக் கொதித்தெழும் லூக்கா 4:28ம் இதே ரகம் (அந்த நாசரேத், நம்ம நாசரேத் இல்லை).

இங்கெல்லாம் வைக்கோல் சரி. வெளிப்படுத்தலுக்கு வந்தால் நிற்காது. 15, 16ஆம் அதிகாரங்களில் தேவனுடைய தூமொஸ் ஏழு கலசங்களிலிருந்து ஒவ்வொன்றாக ஊற்றப்படுகிறது, அதில் அவசரமே இல்லை. 14:10ல் இரண்டு சொல்லும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. 14:8ல் பாபிலோனின் தூமொஸ் கோபம்தானா, காம வெறியா என்று இன்னும் வாதாடலாம். தமிழில் 'உக்கிரமான மது' என்று சாமர்த்தியமாகத் தாண்டிவிட்டார்கள்.

நேரம் இருந்தால் வேதத்துக்கு வெளியேயும் எட்டிப் பாருங்கள். பழைய கிரேக்கக் கவிஞர் ஹோமரிடம் தூமொஸ் நெஞ்சுக்குள் இருப்பது. கோபம், துணிச்சல், ஆசை எல்லாம் அங்கேதான். அவருடைய இலியத் காவியத்தின் 11ஆம் பகுதியில் களத்தில் தனியாக மாட்டிக்கொண்ட ஒடிஸியஸ், ஓடுவதா நிற்பதா என்று அதனிடமே பேசுகிறான். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ ஆன்மாவைப் புத்தி, ஆசை, தூமொஸ் என்று மூன்றாகப் பிரிக்கிறார். அவர் சொல்லும் லியோன்டியஸ், பிணங்களைப் பார்க்கத் துடிக்கும் தன் கண்களையே திட்டுகிறான்; தன் ஆசையோடே மோதும் அந்தக் கோபம்தான் தூமொஸ். 'உனக்கு ரோஷமே கிடையாதாலே' என்று நம்மூரில் கேட்பார்களே, அந்த ரோஷம்தான் எனக்குத் தெரிந்து இதற்குக் கிட்டே வருவது. ஆனால் இதைப் பவுலுக்குள் திணிக்காதீர்கள், கலாத்தியர் 5:20ல் அவர் சண்டை, பொறாமையோடு சேர்த்துப் பட்டியல் போடுகிறார்.

'அப்போ ஒர்கே உமி நெருப்புதானே' என்று பின்வரிசை அண்ணாச்சி யாராவது கேட்டால் மாற்கு 3:5ஐ எடுக்கச் சொல்லுங்கள். சூம்பின கைக்காரனை வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றவர்களை இயேசு அந்த நிமிஷமே கோபத்தோடு சுற்றிப் பார்க்கிறார், அங்கே இருக்கிற சொல் ஒர்கே.